ஆவுடையம்மாளும் கோமதியும் ஒரே பெயர்தான்: பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி

எங்கள் அப்பாவின் அத்தை பெயர் ஆவுடையம்மாள். சங்கரன்கோவில் பக்கம். அவர் காலமான அதே வருஷம் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அத்தை பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, இந்தக் காலத்தில் ஆவுடை என்று எப்படிக் கூப்பிடுவது என்று குழந்தையின் அம்மா தயங்க, நாலு நாள் பேச்சுக்குப் பிறகு கோமதி என்று வைத்தார்கள். அத்தையின் பெயர் அற்றுப்போயிற்றே என்று ஆச்சிக்கு ரொம்ப நாள் மனக்குறை.

பல வருஷம் கழித்து, நான் பெயர்களின் பின்னால் அலைய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயர் எங்கேயும் போகவில்லை. ஆ என்றால் பசு, ஆவுடையாள் என்றால் பசுக்களை உடையவள். கோ என்றாலும் பசு. வடமொழியில் பெயரின் கடைசியில் வரும் ‘மதி’ என்ற விகுதிக்கு ‘உடையவள்’ என்று பொருள். அப்படியானால் கோமதி என்பதும் பசுக்களை உடையவள்தான். சங்கரன்கோவில் அம்மனுக்கே இந்த இரண்டு பெயரும் வழங்குகிறது, ஒன்று தமிழில், ஒன்று வடமொழியில். ஆச்சியிடம் போய் இதைச் சொன்னேன். இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, குழந்தையைக் கூப்பிட்டு “ஏட்டீ ஆவுடை” என்றார்.

அதனால் சொல்கிறேன், உங்கள் பெயருக்கு, உங்கள் பாட்டி பெயருக்கு, உங்கள் தெருக்கோடியில் இருக்கும் சாமியின் பெயருக்கு என்ன பொருள் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். இணையத்தில் கிடக்கும் குழந்தைப் பெயர்ப் பட்டியல்களை நம்பாதீர்கள். எந்தப் பெயரைத் தட்டினாலும் அழகானவள், லட்சுமி, வெற்றி பெறுபவன் என்று இந்த மூன்றில் ஒன்றைப் போட்டுவிடுவார்கள், அதை இன்னொருவர் எடுத்து ஒட்ட, பத்து இடத்தில் அதுவே இருப்பதால் உண்மை போலத் தெரியும்.

முதலில் வீட்டில் கேளுங்கள், அகராதி அப்புறம்

எல்லோரும் நேராக அகராதிக்குப் போகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஒரே பெயர் இரண்டு வீட்டில் இரண்டு காரணத்துக்காக வைக்கப்பட்டிருக்கும். வேதநாயகி என்று ஒரு பெண் இருந்தால் அது வேதாரண்யத்து அம்மன் பெயராக இருக்கும். வேதநாயகம் என்று ஒருவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் இருந்தால் அங்கே வேதம் என்பது பைபிள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பைபிளை வேதம் என்றே சொல்லி வந்தவர்கள், வேதமாணிக்கம், வேதமுத்து எல்லாம் அந்த வழியில் வந்தவை. எழுத்து ஒன்றுதான், ஆனால் வைத்தவரின் மனதில் இருந்தது வேறு.

வீட்டில் என்ன கேட்பது? யாருடைய பெயரை வைத்தார்கள், தாத்தாவா, பாட்டியா, இறந்துபோன மூத்த குழந்தையா? குலதெய்வம் எது, அந்தக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது? எந்தக் கோயிலுக்காவது நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளையா? வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன, பள்ளியில் கொடுத்த பெயர் என்ன? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது எழுதினவர் கையில் பெயர் மாறிப்போன கதை பல குடும்பங்களில் உண்டு. என் பெரியப்பா ஒருவர் வீட்டில் சட்டைநாதன், சான்றிதழில் சட்டநாதன். அவர் பேரப்பிள்ளைகள் அதைச் சட்டத்துக்குத் தலைவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சீர்காழி சட்டைநாதர், தோலைச் சட்டையாகப் போர்த்திய சிவவடிவம். சட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

சில பெயர்களுக்கு வீட்டைத் தவிர வேறெங்கும் பொருள் கிடைக்காது. குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, பிச்சம்மாள், மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுப்பார்கள், அல்லது பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். யாருக்கும் வேண்டாத பொருள் என்று எமனை நம்பவைக்கத்தான் அந்தப் பெயர். அகராதியில் குப்பை என்று பார்த்துவிட்டு இழிவாக வைத்துவிட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, அந்தப் பெயரை வைத்த தாய் அந்தக் குழந்தை பிழைத்தால் போதும் என்று மன்றாடியவள். போதும்பொண்ணு, வேண்டாம் போன்ற பெயர்களின் கதை வேறு. தொடர்ந்து பெண்ணாகப் பிறந்ததை நிறுத்தச் சொல்லி வைத்தவை. அந்தப் பெயரைச் சுமந்த பெண்களிடம் இதைப் பற்றிக் கேட்கும்போது கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள்.

ஊரைக் கண்டுபிடித்தால் பாதி முடிந்தது

தமிழ்ப் பெயர்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு தலத்தின் சாமி பெயர். ஆகவே இரண்டாவது வேலை, பெயரை வரைபடத்தில் வைப்பது. காந்திமதி என்றால் திருநெல்வேலி. அபிராமி, அமிர்தகடேசன் என்றால் திருக்கடையூர். தையல்நாயகி, வைத்தியநாதன், முத்துக்குமாரசாமி மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் வைத்தீஸ்வரன் கோயில் அந்த வீட்டுக்கு முக்கியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். உலகம்மாள் என்றால் பாபநாசம் ஒரு நல்ல ஊகம். அரங்கநாயகி திருவரங்கம், ஆராவமுதன் கும்பகோணம், பார்த்தசாரதி திருவல்லிக்கேணி. இலங்கையில் கோணேஸ்வரன் திருகோணமலை, கேதீஸ்வரன் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம், வல்லிபுரம் வடமராட்சி வல்லிபுர ஆழ்வார் கோயில். அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கு டொராண்டோவில் இருந்தாலும் பெயர் அவர்கள் கிளம்பிய ஊரைச் சொல்லிவிடும்.

ஊரே பெயராவதும் உண்டு. சிதம்பரம், பழனி, திருப்பதி, காசி, அண்ணாமலை. புதிய பழக்கம் இல்லை இது. சுந்தரருக்கே நம்பி ஆரூரன் என்று பெயர், திருவாரூரால் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப்பாடிப் பணிசெய்த பெண்களின் பெயர்கள் வீட்டு வரிசையோடு வெட்டப்பட்டிருக்கின்றன, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பெயர்ப்பட்டியல் அது. நக்கன் எடுத்தபாதம் என்று அதில் ஒரு பெண். எடுத்தபாதம் என்றால் ஆடும் நடராசரின் தூக்கிய திருவடி. ஒரு பெண் குழந்தைக்கு அந்தக் கால் ஒன்றையே பெயராக வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

ஊர் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்டால், தாயுமானவர் கதையைச் சொல்வேன். மாத்ருபூதம் என்று திருச்சிப் பக்கம் ஒரு பெயர் உண்டு. கேட்டவுடன் பூதம் என்ற சொல்தான் காதில் விழும், பள்ளியில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடும் உண்டு. மாத்ரு என்றால் தாய். பூதம் என்பது இங்கே ‘ஆனது’, அதாவது ஆகிவிட்ட நிலை. தாயாக ஆனவர். மலைக்கோட்டைச் சிவன் தாயுமானவர்தானே, அதன் நேர் வடமொழி. காவிரியில் வெள்ளம் வந்து பெற்ற தாயால் ஆற்றைக் கடக்க முடியாமல் போனபோது, பிரசவ வலியில் இருந்த பெண்ணுக்கு ஈசனே தாய் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலக்கதை. திருச்சி என்று தெரியாமல் அகராதியில் பூதம் என்ற சொல்லைத் தேடினால் பேய், ஐம்பூதம், இறந்தகாலம் என்று சுற்றிச்சுற்றி அலைய வேண்டியதுதான். அதே கோயில் அம்மன் மட்டுவார்குழலி. மட்டு என்றால் தேன், மணம். வார் என்றால் நீண்ட. மணக்கும் நீண்ட கூந்தல் உடையவள். இதையே வடமொழியில் சுகந்தி குந்தளாம்பிகை என்றார்கள், சுகந்தம் மணம், குந்தளம் கூந்தல்.

இந்த இரட்டைப் பெயர்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சாவி. பெரும்பாலான பழைய சிவத்தலங்களில் சாமிக்கும் அம்மனுக்கும் தமிழில் ஒன்று, வடமொழியில் ஒன்று என்று இருக்கும். ஒன்று புரியாவிட்டால் இன்னொன்று விளக்கிவிடும். அம்பலவாணன் புரியவில்லையா, சபாபதியைப் பாருங்கள். பொன்னம்பலமும் கனகசபையும் ஒன்று. மதுரையில் அங்கயற்கண்ணியும் மீனாட்சியும் ஒன்று, சொக்கனும் சுந்தரனும் ஒன்று, சொக்கு என்றால் அழகு. முதுகுன்றமும் விருத்தாசலமும் ஒன்று. மறைக்காடும் வேதாரண்யமும் ஒன்று. அந்த மறைக்காட்டு அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று ஒரு பெயர் இருக்கிறது, அவள் பேச்சு யாழின் இசையே கெட்டது என்று சொல்லவைக்கும் இனிமை கொண்டதாம். சுந்தரர் அந்த ஊர்ப் பதிகத்தைத் தொடங்குவதே இப்படித்தான். உங்கள் ஊர்க் கோயில் பெயர்களைத் தேடும்போது அந்த ஊர்த் தேவாரப் பதிகத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், அம்மன் பெயர் பெரும்பாலும் அதற்குள்ளே இருக்கும்.

ஆனால் எல்லா இணையும் மொழிபெயர்ப்பு இல்லை, இங்கே கவனம் தேவை. அண்ணாமலையும் அருணாசலமும் ஒரே மலைதான். அருணாசலம் என்றால் சிவந்த மலை. அண்ணாமலை என்றால் அண்ண முடியாத, அதாவது நெருங்க முடியாத மலை. அடி முடி தேடிய கதையோடு சேர்த்துப் பாருங்கள், பொருத்தமாக இருக்கும். அண்ணன் என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதே மாதிரி ஆவுடை என்று வந்தாலே பசு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். லிங்கம் நிற்கும் பீடத்துக்கும் ஆவுடையார் என்றுதான் பெயர். சங்கரன்கோவிலில் அது பசு, புதுக்கோட்டைப் பக்கத்து ஆவுடையார்கோயிலில் அது பீடம். பொருளைத் தீர்மானிப்பது ஊர்.

பிரித்துப் பாருங்கள், ஆனால் சரியான இடத்தில்

இப்போதுதான் சொல்லைப் பிரிக்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான், அதிகம் ஏமாந்ததும் இதில்தான்.

மதியையே எடுத்துக்கொள்வோம். வளர்மதியில் வரும் மதி நிலா. சுமதியில் வரும் மதி அறிவு, நல்ல மனம், ‘சு’ என்றால் நல்ல. கோமதி, காந்திமதி, பானுமதியில் வரும் மதி மேலே சொன்ன ‘உடையவள்’. காந்தி என்றால் ஒளி, பொலிவு. ஆகவே காந்திமதி பொலிவுடையவள். நெல்லையில் அந்த அம்மனின் தமிழ்ப் பெயர் வடிவுடையம்மை, வடிவு என்றால் அழகு, பாருங்கள் இங்கேயும் அதே ‘உடை’. இதே விகுதி சில சொற்களுக்குப் பின்னால் ‘வதி’ என்று வரும். குணவதி, சத்தியவதி, கலாவதி, பத்மாவதி. சரஸ்வதியும் அப்படித்தான், சரஸ் என்றால் நீர்நிலை, நீர் நிறைந்தவள், அது முதலில் ஓர் ஆற்றின் பெயர். ஆணுக்கு ‘மான்’, ‘வான்’. அனுமான் என்ற பெயரும் இந்த வகைதான், ஹனு என்றால் தாடை, எடுப்பான தாடை உடையவன். சரி, அப்படியானால் பார்வதி? அங்கே இந்த விகுதியே இல்லை. பர்வதம் என்றால் மலை, பர்வதத்தின் மகள் பார்வதி. தமிழில் மலைமகள். ஒரு பூட்டைத் திறந்த சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது.

இன்னொரு சிக்கல் நம் எழுத்தால் வருவது. தமிழில் க, ச, த, ப ஒவ்வொன்றும் வடமொழியின் பல எழுத்துகளுக்கு நிற்கிறது. பாலமுருகன், பாலசுப்பிரமணியன் என்பதில் வரும் பால என்றால் இளைய, குழந்தை. கோபாலன், தனபாலன் என்பதில் வரும் பால என்றால் காப்பவன். தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதினால் இரண்டும் வேறு வேறு எழுத்து, தமிழில் ஒன்றாகிவிடும். காந்திமதியின் காந்திக்கும் மகாத்மா காந்தியின் காந்திக்கும் உறவில்லை, குஜராத்திக் குடும்பப் பெயரில் வருவது வாசனைப் பொருளைக் குறிக்கும் கந்தம் என்ற சொல்லோடு சேர்ந்தது. பானு இன்னும் சுவாரசியம். பானுமதி, பானுப்பிரியாவில் அது சூரியன், வடமொழி. ரஷீதா பானு, நூர் பானு என்று முஸ்லிம் வீடுகளில் வருவது பாரசீகம், சீமாட்டி என்று பொருள். இதற்கு ஒரு எளிய வழி: அந்தப் பெயரைத் தெலுங்கு, மலையாளம், இந்தி ஏதாவது ஒன்றில் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். எழுத்தே வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எழுத்தெல்லாம் தெரியாது என்றால் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

சார்ங்கபாணியைச் சாரங்கபாணி என்று எழுதி, சாரங்கம் என்றால் மான், மானைக் கையில் ஏந்தியவன் என்று பலர் பொருள் சொல்கிறார்கள். அது சார்ங்கம், திருமாலின் வில். பாணி என்றால் கை, தண்டபாணி, சக்கரபாணியில் வருவதும் அதே பாணி. தையல்நாயகியில் வரும் தையல், துணி தைப்பது இல்லை, பெண், அழகு என்று பழைய பொருள். பாவாடைசாமி என்ற பெயரைச் சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாவுதல் என்றால் பரப்புதல், பாவாடை என்பது தெய்வத்துக்கு முன் விரித்துப் படையல் குவிக்கும் துணிக்கும் பெயர். மேல்மலையனூர் அங்காளம்மனின் பாவாடைராயனைக் கும்பிடும் குடும்பங்களில் அந்தப் பெயர் வழிவழியாக வருகிறது.

சங்கப் பெயர்களைக் குழந்தைக்கு வைக்கத் தேடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். நக்கீரன், நப்பின்னை, நச்செள்ளை என்று முன்னால் வரும் ‘ந’ என்பது ‘நல்ல’ என்ற அடை. கீரன், பின்னை, செள்ளை என்பதுதான் பெயர். பிசிராந்தையார் பெயரைக் கேட்டுப் பறவையை நினைத்துக்கொள்கிற மாணவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிசிர் என்பது ஊர், ஆந்தை என்பது ஆதன் தந்தை என்பதன் குறுக்கம். ஆதனுடைய அப்பா, அவ்வளவுதான்.

தேய்ந்துபோன பெயர்கள்

நாக்கில் உருண்டு உருண்டு பெயர் தேயும். யட்சி இயக்கியாகி, இயக்கி இசக்கியானாள். நெல்லை, குமரி மாவட்டங்களில் இசக்கியம்மாள், இசக்கிமுத்து என்று எத்தனை பேர், முப்பந்தல் இசக்கியைத் தெரியாதவர் அங்கே இல்லை. திருச்சானூர்த் தாயார் அலர்மேல்மங்கை, பூவின்மேல் அமர்ந்தவள், அவள்தான் அலர்மேலு ஆகி அலமேலு ஆனவள். அம்பலவாணனில் உள்ள வாணன், வாழ்நன் என்பதன் தேய்வு, அம்பலத்தில் வாழ்கிறவன்.

வடசொல் தமிழுக்குள் வரும்போது நடப்பதற்கு ஒழுங்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் திரும்பிப் போகலாம். ர, ல சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் உயிர் சேரும், ராமன் இராமன், லோகநாதன் உலோகநாதன். லட்சுமணன் இலக்குவன் ஆனான், விபீஷணன் வீடணன் ஆனான், யசோதை அசோதை ஆனாள். சொல்லின் முதலில் மெய்யோடு ஒட்டி வரும் ஸ் விழும், ஸ்தலம் தலம் ஆனது போல ஸ்கந்தன் கந்தன்.

கண்ணன் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கண் போன்றவன், அழகிய கண்ணுடையவன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், கேட்க இனிமையாக இருக்கிறது, தாலாட்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் சொல்லின் வழி வேறு. கிருஷ்ண என்றால் கருநிறம். பிராகிருதத்தில் அது கண்ஹ என்று ஆயிற்று, அதிலிருந்து தமிழில் கண்ணன். கருப்பு நிறத்தவன் என்ற அதே கருத்தில் தமிழ் தனக்கென்று மாயோன் என்ற பெயரையும் வைத்திருக்கிறது, தொல்காப்பியம் முல்லை நிலத்துக்குச் சொல்லும் தெய்வம் அவன். குறிஞ்சிக்குச் சேயோன், சிவந்தவன். முருகன் என்ற பெயர் முருகு என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து வந்தது, இளமை, அழகு, மணம் என்று பொருள் விரியும். சீதை என்றால் வடமொழியில் ஏர் உழுத சால், உழவு கீறிய கோட்டில் கிடைத்த குழந்தை. இந்தப் பொருள் தெரிந்த பிறகு அந்தக் கதையே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

பழனிக்குப் பழம் நீ என்று சொல்கிறோமே, அது தலக்கதை. சங்கப் பாட்டில் வரும் பொதினி என்ற பெயரோடு அந்த ஊரைச் சேர்த்துப் பார்க்கிற அறிஞர்கள் உண்டு. கதை வேறு, சொல்லின் வரலாறு வேறு. குறிப்பு எழுதும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாற்றிக்கொண்ட பெயர்கள் தனி. சுவாமி வேதாசலம் என்ற பெயரில் வேதாசலம் மறைமலை ஆனது, சுவாமி அடிகள் ஆனது, அதுதான் மறைமலையடிகள். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார், சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். சொல்லுக்குச் சொல். ஆனால் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் ராமையா அன்பழகன் ஆனதும் மொழிபெயர்ப்பு இல்லை, புதுப் பெயர். உங்கள் தாத்தா திராவிட இயக்கக் காலத்தில் பெயர் மாற்றியவர் என்றால் இதில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலுவைக்கும் பிறைக்கும் கீழே

தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்கள் ஒரு சுரங்கம். பழைய பாதிரிமார்கள் புனிதர் பெயர்களைப் பொருள் பார்த்துத் தமிழாக்கினார்கள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவன், அதனால் புனித பவுல் சின்னப்பர் ஆனார், வீட்டுக்கு வீடு சின்னப்பன் வந்தான். யோவான் என்ற எபிரேயப் பெயரில் ஆண்டவர் அருளினார் என்ற பொருள் இருப்பதால் அருளப்பர். வியாகுலமேரி துயருற்ற மாதா, ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பிள்ளைகள். தேவசகாயம் இதில் அருமையான ஒன்று. குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் 1745இல் ஞானஸ்நானம் பெற்றபோது வைத்த பெயர் லாசரு. கடவுள் உதவினார் என்ற பொருளுள்ள எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் குறுக்கம் அது. தமிழில் தேவசகாயம். 1752இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்ட அவர் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். தெற்கே இருக்கும் தேவசகாயம்களிடம் கேட்டால் இந்தக் கதையைக் கண்கலங்கச் சொல்வார்கள்.

இன்னொரு வகை ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டவை. சவேரியார் பெயரில் இருந்து சவரிமுத்து, சவரியம்மாள், இதற்கும் கூந்தலில் வைக்கும் சவரிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இக்னேஷியஸ் இன்னாசி, ஜோசே சூசை, சாந்தியாகோ சந்தியாகு. முத்துக்குளித்துறைக் கரையில் போர்ச்சுகீசியர் வந்த 16ஆம் நூற்றாண்டு முழுக்க இந்தப் பெயர்களில் படிந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் அருளப்பன், சின்னப்பன் என்று இருந்தால் கத்தோலிக்க வழி என்றும், யோவான், பேதுரு என்று இருந்தால் பெரும்பாலும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை வழி என்றும் ஊகிக்கலாம்.

முஸ்லிம் பெயர்களில் முக்கியமாக ஒன்று. அப்துல் என்பது தனிப் பெயர் இல்லை, ‘இன்னாருடைய அடிமை’ என்பதில் பாதி. அதற்குப் பின்னால் இறைவனின் திருநாமம் ஒன்று வர வேண்டும். அப்துல் காதர் ஆற்றல் மிக்கவனின் அடியான், அப்துல் கரீம் கொடையாளனின் அடியான். அலுவலகங்களில் பெயரை வெட்டி மிஸ்டர் அப்துல் என்று கூப்பிடுகிறார்களே, அது அடியான் என்று மட்டும் கூப்பிடுவது போல. முகைதீன் என்றால் மார்க்கத்துக்கு உயிரூட்டியவர், பாக்தாதின் அப்துல் காதர் ஜீலானி அவர்களின் பட்டம், அதனால்தான் இரண்டும் சேர்ந்து முகைதீன் அப்துல் காதர் என்று வருகிறது. சாகுல் ஹமீது, நாகூர் மீரான், நாகூர் கனி என்றால் நாகூர் தர்கா. பாருங்கள், இங்கேயும் ஊர்தான் முன்னால் நிற்கிறது. மதம் எதுவானாலும் தமிழர் பெயர் வைக்கும் வழக்கம் ஒன்றாகவே இருக்கிறது. தமிழ்ச் சமணர் வீடுகளில் அப்பாண்டைராஜ் என்று கேட்டால் திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதர் நினைவுக்கு வர வேண்டும்.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 1924 தொடங்கி 1936 வரை வந்த தொகுதிகள், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சொல் வடமொழியில் இருந்து வந்ததா என்று அதிலேயே குறித்திருப்பார்கள். வடசொல்லுக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதி, தமிழ் வேருக்கு பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி. இதுவும் இணையத்தில் உண்டு. அப்புறம் அந்தந்தக் கோயிலின் தலபுராணம், தேவாரப் பதிகம், வைணவத் தலமானால் பாசுரம். தேவாலயங்களில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், பங்குத்தந்தையிடம் பணிவாகக் கேட்டால் பார்க்க விடுவார்கள். பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு மூன்றையும் விட்டுவிடாதீர்கள். நான் மிக அதிகமாகப் பெயர்களைச் சேர்த்தது ஒரு கல்யாண வீட்டு மொய் நோட்டில் இருந்துதான். நாற்பது பக்கம், ஊர் வாரியாக.

ஒரு பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் கூப்பிட்ட விதம் ஒரு வரி, பத்திரத்தில் எழுதிய விதம் ஒரு வரி, யார் வைத்தது, எந்தச் சாமி, எந்த ஊர், வீட்டில் சொல்லும் கதை, அகராதி சொல்வது. இரண்டும் முட்டிக்கொண்டால் அழிக்காதீர்கள், இரண்டையும் வைத்திருங்கள், பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளை எதையாவது கண்டுபிடித்து இடைவெளியை நிரப்பலாம். சொன்னவர் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதுங்கள். முடிந்தால் அவர் குரலிலேயே பெயரைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள், எழுத்தில் பிடிபடாத உச்சரிப்பு அதில் தெரியும்.

ஆச்சி குரலில் ‘ஆவுடை’ என்னிடம் இருக்கிறது. வகரத்தை அழுத்தாமல், ‘ஆகுடை’ என்பதற்கு ஒரு பங்கு நெருக்கமாகச் சொல்வார். கோமதிக்கு இப்போது பதினாறு வயது, தன் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள்.